கழுத்துக் கட்டிக்கு எந்தப் பரிசோதனை, எதற்கு? லேப் கவுண்டரிலிருந்து ஒரு வழிகாட்டி

தக்கலைப் பக்கம் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிற வேலை எனக்கு. கழுத்து ஸ்கேன் ரிப்போர்ட்டை மடக்கிக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள், நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்கள்: "அக்கா, ரத்தம் பாத்தா இது கேன்சரா இல்லியாண்ணு தெரியுமா?"

தெரியாது. தைராய்டு கட்டி சாதாரணமானதா, புற்றுநோயா என்று பிரித்துச் சொல்கிற ஒற்றை ரத்தப் பரிசோதனை இன்றைக்கு இல்லை. ஒரே ஒரு வகைப் புற்றுநோய்க்கு மட்டும் கிட்டத்தட்ட அப்படி ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். மற்ற பரிசோதனைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சின்னக் கேள்விக்குப் பதில் சொல்பவை. எந்தக் கேள்விக்கு எந்தக் குழாய் என்று தெரியாமல் "தைராய்டு கேன்சர் பேக்கேஜ்" என்று ஒரு நோட்டீசைக் காட்டி மொத்தமாகக் கொடுக்கச் சொன்னால், பணமும் போகும், தூக்கமும் போகும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முடிவு சொல்வது டாக்டர்தான். அவர் முன்னால் சரியான காகிதங்களோடு உட்கார இது உதவும்.

ரத்தம் கொடுக்கும் முன் ஸ்கேனைப் படியுங்கள்

கட்டி என்றதும் பதறவேண்டியதில்லை. ஸ்கேன் கருவியை யார் கழுத்தில் வைத்தாலும் ஐந்தில் ஒருவருக்காவது ஏதாவது ஒரு கட்டி தெரியும், வயது ஏற ஏற இன்னும் கூடும். பரிசோதித்துப் பார்க்கிற கட்டிகளில் நூற்றுக்கு 85க்கு மேல் தீங்கில்லாதவை. தென் கொரியாவில் ஊரையே கூப்பிட்டுக் கழுத்து ஸ்கேன் எடுத்தார்கள். 1993லிருந்து 2011க்குள் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கு ஆனது, ஆனால் அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கை அசையவில்லை. வாழ்நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் கிடந்திருக்கும் பொடிக் கட்டிகளையெல்லாம் தேடி எடுத்து அறுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு மைனிக்குக் கட்டி வந்தது என்பதற்காக நாமும் போய் ஸ்கேன் எடுக்கவேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எடுத்தாயிற்று என்றால் ரிப்போர்ட்டில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று அளவு, இன்னொன்று டைராட்ஸ் எண். 1 முதல் 5 வரை இருக்கும், எண் கூடினால் சந்தேகம் கூடும். கட்டி திண்ணமாக இருக்கிறதா, கறுப்பாகத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் சிதைந்திருக்கிறதா, உள்ளே வெள்ளைப் பொட்டுகள் உண்டா என்று பார்த்துப் போடுகிற மதிப்பெண் அது. 2017ல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர்கள் வகுத்த கணக்குப்படி 3 என்றால் 2.5 செ.மீ., 4 என்றால் 1.5 செ.மீ., 5 என்றால் 1 செ.மீ. எட்டினால்தான் கட்டியில் மெல்லிய ஊசி குத்தி, செல் எடுத்துப் பார்க்கவேண்டும். எண் போடாத ரிப்போர்ட் கையில் இருந்தால் ஸ்கேன் சென்டருக்கே திரும்பப் போய்ப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பல பேருக்குக் கவலை முடிவது இந்த எண்ணில்தான்.

முதல் குழாய் டி.எஸ்.எச்.

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கவைக்கிற மூளையடிச் சுரப்பி ஹார்மோன். கட்டி 1 செ.மீ.க்கு மேல் என்றால் டாக்டர் முதலில் எழுதுவது இதைத்தான். புற்றுநோயைக் கண்டுபிடிக்க எழுதுவதில்லை, அடுத்து எந்தப் பக்கம் போகவேண்டும் என்று தீர்மானிக்க எழுதுகிறார்.

டி.எஸ்.எச். குறைவாக இருந்தால் அந்தக் கட்டி தானாகவே ஹார்மோனைச் சுரந்து தள்ளுகிறதோ என்று சந்தேகம். அப்போது ஊசிக்கு முன்னால், கொஞ்சம் கதிர்மருந்து கொடுத்துப் படம் எடுக்கிற ஐசோடோப் ஸ்கேன் எடுப்பார்கள். அதில் 'ஹாட்' (கட்டி அந்த மருந்தைக் கூடுதலாக இழுக்கிறது) என்று வந்தால் புற்றுநோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் ஊசியே வேண்டியிராது. டி.எஸ்.எச். சரியாகவோ கூடுதலாகவோ இருந்தால் ஸ்கேன் எண்ணைப் பார்த்து ஊசிக்கு அனுப்புவார்கள். டி.எஸ்.எச். கூடக்கூட கட்டியில் புற்று இருக்கும் வாய்ப்பும் கொஞ்சம் கூடுகிறது என்று ஆய்வுகள் உண்டு. ஆனால் உங்கள் ரிப்போர்ட்டில் 5.8 என்று இருந்தால் அதை வைத்து உங்கள் கட்டியைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. அது ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம்.

இதற்கு வெறும் வயிறு வேண்டாம். சாயா கூடக் குடிக்காமல் குலசேகரத்திலிருந்து பஸ் ஏறி, தலைசுற்றலோடு வந்து உட்காருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கும். நேரம் மட்டும் கவனிக்கவேண்டும். டி.எஸ்.எச். ராத்திரியிலும் விடியற்காலையிலும் கூடும், மத்தியானம் இறங்கும். ரப்பர் பால்வெட்டு முடித்து உச்சிக்கு வருகிறவர், அடுத்த முறை அதிகாலையில் கொடுத்துவிட்டு "கூடிப்போச்சே" என்று கலங்கவேண்டாம். எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கொடுங்கள். தைராக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அன்றைக்கு ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள்.

முடி மாத்திரையை மறைக்காதீர்கள்

இதை நான் கேட்காமல் யாரும் சொல்வதே இல்லை. தைராய்டு என்றால் முடி கொட்டும், முடி கொட்டினால் மருந்துக்கடையில் பயோட்டின் மாத்திரை. 5 மில்லி கிராம், 10 மில்லி கிராம் என்று தினமும் சாப்பிடுவார்கள். வைட்டமின்தானே, அதை மருந்துக் கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

பல லேப் கருவிகள் பயோட்டினையும் ஸ்ட்ரெப்டவிடின் என்ற புரதத்தையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. உங்கள் ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் கருவி ஏமாறும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறையும், ஃப்ரீ டி4 என்ற தைராய்டு ஹார்மோன் பொய்யாகக் கூடும். காகிதத்தைப் பார்த்தால் அசல் தைராய்டு மிகைப்பு நோய் மாதிரியே இருக்கும். கட்டி உள்ளவருக்கு இப்படி வந்தால் தேவையில்லாமல் ஐசோடோப் ஸ்கேனுக்கு அனுப்புவார்கள். அதைவிட மோசம், ஆப்பரேஷனுக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று பார்க்கிற தைரோகுளோபுலினும் இதே முறையில் பொய்யாகக் குறையும். ஆப்பரேஷன் முடிந்தவருக்கு நோய் திரும்பி வந்தாலும் அது மறைந்துபோகலாம்.

ரத்தம் கொடுக்க குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். டோஸ் 10 மில்லி கிராமைவிட அதிகம் என்றால் இன்னும் அதிக நாள், டாக்டரிடம் கேட்டு. நகத்துக்கு, தோலுக்கு என்று விற்கிற மாத்திரைகளிலும் இது உண்டு, அட்டையைப் புரட்டிப் பாருங்கள்.

தைரோகுளோபுலின்: ஆப்பரேஷனுக்குப் பிறகுதான் இதற்கு மதிப்பு

பேக்கேஜ் நோட்டீசுகளில் 'தைராய்டு ட்யூமர் மார்க்கர்' என்று கொட்டை எழுத்தில் போடுவது இதைத்தான். ட்யூமர் மார்க்கர் என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு என்று அந்த நோட்டீஸ் சொல்லாது.

தைரோகுளோபுலின் என்பது தைராய்டு ஹார்மோனைச் சுரக்கிற செல்கள் உண்டாக்குகிற புரதம். நல்ல செல்லும் உண்டாக்கும், புற்றுச் செல்லும் உண்டாக்கும். கழுத்தில் தைராய்டு இருக்கிற வரைக்கும் அது ரத்தத்தில் இருக்கத்தான் செய்யும். சுரப்பி வீங்கினால் கூடும், அழற்சி வந்தால் கூடும், ஊசி குத்தினாலே கூடும். இரணியலிலிருந்து வந்த ஒரு பிள்ளை, கல்யாணம் நிச்சயமான சமயம், தைரோகுளோபுலின் மூன்று இலக்கத்தில் வந்த காகிதத்தோடு அழுதுகொண்டு நின்றாள். "மக்களே, எப்ப ஊசி குத்துனாவ?" என்று கேட்டேன். முந்தின நாள் குத்தியிருக்கிறார்கள். ஊசிக்கு மறுநாள் இதை அளந்தால் வேறெப்படி இருக்கும்? ஊசி ரிப்போர்ட்டில் தீங்கில்லாத கட்டி என்று வந்தது. அந்த ரத்தப் பரிசோதனையை யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். யாரும் எழுதவில்லை, பேக்கேஜில் இருந்தது.

அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2015 வழிகாட்டுதலே கட்டியின் முதல்கட்டச் சோதனைக்கு ரத்தத் தைரோகுளோபுலின் வேண்டாம் என்கிறது.

கூடவே வருகிற ஆன்டி டி.பி.ஓ.வும் (தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்குகிற எதிர்ப்புரதம்) புற்றுநோய்க் குறி இல்லை. அது கூடினால் பெரும்பாலும் ஹாஷிமோட்டோ என்ற தன்னெதிர்ப்பு அழற்சி இருக்கலாம் என்று அர்த்தம். அந்த அழற்சியே சில நேரம் ஸ்கேனில் கட்டி மாதிரி தெரியும்.

கால்சிடோனின்: உண்மையிலேயே பேசுகிற ஒரு குழாய்

முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான். தைராய்டுக்குள் 'சி' செல்கள் என்று தனி இனம் ஒன்று உண்டு. அவை தைராய்டு ஹார்மோன் சுரப்பதில்லை, கால்சிடோனின் சுரக்கும். அவற்றில் வருகிற புற்றுநோய்க்கு மெடுல்லரி என்று பெயர். தைராய்டு புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து கூட வராது, ஆனால் சாதாரணமாக வருகிற மற்ற வகைகளைவிடப் பொல்லாதது. ரத்தத்தில் கால்சிடோனின் 100 பிகோகிராமைத் தாண்டினால் அந்தப் புற்றுநோய் என்ற சந்தேகம் பலமாகிவிடும். 10க்குக் கீழே என்றால் பெரும்பாலும் நிம்மதி. ஆண்களுக்கு இயல்பாகவே பெண்களைவிடக் கொஞ்சம் கூடுதல், ரிப்போர்ட்டில் ஆண் பெண் அளவு தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாக் கட்டிக்கும் இதை எடுக்கவேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. ஐரோப்பாவில் பல இடங்களில் எடுக்கிறார்கள், அமெரிக்க வழிகாட்டுதல் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. என் அபிப்பிராயம் கேட்டால், குடும்பத்தில் யாருக்காவது கழுத்துப் புற்றுநோய், அட்ரினல் கட்டி, இளவயதில் திடீரென எகிறும் பிரஷர் இருந்திருந்தால் அதை டாக்டரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். அவர் கேட்க மறந்திருக்கலாம்.

10க்கும் 100க்கும் நடுவில் வந்தால் பதறாமல் வேறு காரணம் தேடவேண்டும். குளச்சலில் படகுக்குப் போகிற ஒரு அண்ணன் இப்படித்தான் வந்தார். "கேஸ் மாத்திரை உண்டா அண்ணா?" என்றேன். "அது தினமும் உள்ளதாக்கும், காலையில எந்திரிச்சா முதல்ல அதுதான்" என்றார், வருஷக்கணக்காக. பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் கால்சிடோனினைக் கூட்டும். சிறுநீரகக் கோளாறும், பீடி சிகரெட்டும் கூட்டும். டாக்டர் மாத்திரையை நிறுத்திச் சில வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொன்னார், இறங்கிவிட்டது.

இனி ரத்தம் எடுக்கும் விதம். கால்சிடோனின் சூட்டில் நிற்காது. ரத்தம் எடுத்த குழாயை உடனே ஐஸில் வைக்கவேண்டும், சீக்கிரம் சுற்றி மேல்நீரைப் பிரிக்கவேண்டும், பிரித்ததை உறையவைத்தே அனுப்பவேண்டும். நம் பக்கத்து லேப்களில் பலவும் இதைத் தாங்களே செய்வதில்லை, வெளியூருக்கு அனுப்புகிறார்கள். மேசைமேல் மத்தியானம் வரை கிடந்த குழாய் சாயங்காலம் பஸ் ஏறினால் உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும், நோய் இருந்தாலும் மறையலாம். எனவே கவுண்டரிலேயே கேளுங்கள்: "ஐஸ் பெட்டி உண்டா? எப்ப பிரிப்பீங்க? எப்ப அனுப்புவீங்க?" கோபித்துக்கொள்கிற லேபாக இருந்தால் வேறு லேப் பாருங்கள். சீட்டில் எழுதியிருப்பது கால்சிடோனின்தானா என்றும் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். புரோகால்சிடோனின் என்பது கிருமித்தொற்றுக்கு எடுப்பது, கால்சிட்ரியால் என்பது வைட்டமின் டி வகை. டாக்டர் கிறுக்கிய எழுத்தில் மூன்றும் ஒன்றுபோல இருக்கும்.

மெடுல்லரி என்று உறுதியானால் சி.இ.ஏ. என்ற இன்னொரு ட்யூமர் மார்க்கரும் சேர்த்து எடுப்பார்கள். இரண்டு எண்களும் எத்தனை மாதத்தில் இரட்டிப்பாகின்றன என்பதை வைத்து நோயின் வேகத்தைக் கணிப்பார்கள். ஆறு மாதத்துக்குள் இரட்டித்தால் கவலைக்குரியது, இரண்டு வருஷத்துக்கு மேல் எடுத்தால் மெதுவானது. வெறும் கட்டிக்கு சி.இ.ஏ. எடுப்பதில் பயனில்லை. மெடுல்லரி வந்த எல்லாருக்கும் 'ரெட்' என்ற மரபணுவுக்கான சோதனை வேண்டும். நாலில் ஒருவருக்கு இது பரம்பரையாக வருவது, பிள்ளைகளையும் கூடப்பிறந்தவர்களையும் பார்க்கவேண்டிவரும். அறுவைக்கு முன்னால் மெட்டாநெஃப்ரின் (அட்ரினல் ஹார்மோன் சிதைந்து வருவது) பார்த்து அட்ரினல் கட்டி இல்லையென்று உறுதி செய்யாமல் மயக்கம் கொடுக்கக்கூடாது.

ஒரு சின்ன விஷயம்: ரத்தத்தில் கால்சியம் கூடியிருந்தால் அந்தக் 'கட்டி' தைராய்டே இல்லாமல், பின்னால் ஒட்டியிருக்கிற பாராதைராய்டாக இருக்கலாம். கால்சியமும் பி.டி.எச். என்ற பாராதைராய்டு ஹார்மோனும் அதைச் சொல்லிவிடும்.

ஊசியும், ஊசியில் வந்ததைக் கழுவிய நீரும்

"ஊசி குத்தினா கட்டி பரவும்ணு சொல்லுதாவ" என்று அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலை) வேலை பார்க்கிற மைனிமார் பயப்படுவார்கள். மெல்லிய ஊசியில் அப்படி ஆவது மிக மிக அரிது. பயந்து தள்ளிப்போடுவதில்தான் ஆபத்து.

ரிப்போர்ட்டில் பெதஸ்டா என்று 1 முதல் 6 வரை ஓர் எண் இருக்கும். 2023ல் திருத்திய கணக்குப்படி சராசரியாகப் புற்றுநோய் வாய்ப்பு இப்படி: 1 (செல் போதவில்லை) என்றால் நூற்றுக்கு 13, 2 (தீங்கில்லை) என்றால் 4, 3க்கு 22, 4க்கு 30, 5க்கு 74, 6க்கு 97. 1 வந்தால் கேன்சர் இல்லை என்று அர்த்தமில்லை, திரும்பக் குத்தவேண்டும் என்று அர்த்தம்.

குழப்பமே 3லும் 4லும்தான். ஃபாலிகுலர் வகைக் கட்டியில் செல்லைப் பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒரே மாதிரி இருக்கும். கட்டியின் உறையையோ ரத்தக்குழாயையோ உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பதில்தான் வித்தியாசம். சக்கைச் சுளை (பலாச்சுளை) ஒன்றைக் கையில் தந்து, அந்தச் சக்கையின் தோலைப் புழு துளைத்திருக்கிறதா என்று கேட்டால் யாரால் சொல்லமுடியும்? அதனால்தான் இந்த வகைக்குப் பாதித் தைராய்டை எடுத்து உறை முழுவதையும் அறுத்துப் பார்க்கிறார்கள். டாக்டர் தெளிவாகச் சொல்லவில்லை என்று குறைப்படாதீர்கள், ஊசியில் அதற்குமேல் இல்லை.

இந்த இடத்தில்தான் மரபணுக் குறிகள் வருகின்றன. ஊசியில் வந்த செல்லில் பி.ராஃப் மரபணுவில் வி600ஈ என்ற மாற்றம் இருந்தால், தைராய்டில் அதிகம் வருகிற பாப்பில்லரி புற்றுநோய் என்பது ஏறக்குறைய உறுதி. இல்லையென்றால் விடுதலை என்று அர்த்தமில்லை, ஏனென்றால் பாப்பில்லரியிலேயே பாதிக்கு இந்த மாற்றம் இருக்காது. ராஸ் என்ற இன்னொரு மரபணுவின் மாற்றம் தீங்கில்லாத அடினோமாவிலும் வரும், அதை மட்டும் வைத்து முடிவு எடுக்கக்கூடாது. அஃபர்மா, தைரோசீக் என்று அமெரிக்காவில் பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கிற சோதனைகள் உண்டு. 3, 4 வந்தவர்களில் தேவையில்லாத ஆப்பரேஷனைத் தவிர்ப்பதுதான் அவற்றின் பலம், செலவு அதிகம். கலெக்டின்-3, எச்.பி.எம்.இ.-1, சி.கே.19 என்ற சாயச் சோதனைகள் பத்தாலஜிக்காரர் பார்ப்பவை. மூன்றும் சேர்ந்தால் நம்பலாம், ஒன்று மட்டும் பாசிட்டிவ் என்றால் ஹாஷிமோட்டோவிலும் அப்படி வரும்.

கழுத்தில் நெறி (நிணநீர்க் கணு வீக்கம்) கட்டியிருந்தால் ஒரு நல்ல வழி உண்டு. நெறியில் குத்திய ஊசியை 1 மில்லி சலைனில் கழுவி அந்த நீரில் தைரோகுளோபுலின் அளப்பது. நெறியில் தைராய்டு புரதத்துக்கு வேலையே இல்லை. 10 நானோகிராமுக்கு மேல் இருந்தால் தைராய்டு புற்று அங்கே போயிருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கும். ஆப்பரேஷனுக்கு முன் ரத்தத்தில் பயனில்லாத அதே பரிசோதனை இங்கே தங்கம். குத்தும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், கழுவாமல் ஊசியை வீசிவிட்டால் திரும்பக் குத்தவேண்டும்.

கிழங்கும் மணலும்

இந்த இரண்டைப் பற்றியும் கேட்காமல் யாரும் எழுந்து போவதில்லை. மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கில் உள்ள சயனைடு உடம்பில் தயோசயனேட்டாக மாறி அயோடினைத் தடுக்கும் என்பது சரி. அயோடின் குறைவான ஊரில் அது கழுத்தை வீங்கவைக்கும். மீனும் அயோடின் உப்பும் சேர்த்துச் சாப்பிட்டு, கிழங்கை வேகவைத்து வெள்ளத்தை வடிக்கிற வீட்டில் அதற்கு அஞ்சவேண்டியதில்லை. மணவாளக்குறிச்சிக் கரை மணலில் தோரியம் உண்டு, இயற்கைக் கதிர்வீச்சும் கூடுதல். இதே வகை மணல் உள்ள கேரளத்துக் கருநாகப்பள்ளியில் பல்லாண்டு மக்களைத் தொடர்ந்து பார்த்து 2009ல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. சிறுவயதில் கழுத்துக்கு ரேடியேஷன் சிகிச்சை எடுத்தவர்கள் மட்டும் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும்.

ஆப்பரேஷன் முடிந்தவர்களுக்கு

ஆசாரிப்பள்ளத்திலோ திருவனந்தபுரத்திலோ முழுத் தைராய்டையும் எடுத்து, மீதிச் செல்லை அழிக்கிற கதிர் அயோடின் சிகிச்சையும் முடித்தவர்களுக்குத்தான் ரத்தத் தைரோகுளோபுலின் பேசத் தொடங்கும். சுரப்பியே இல்லாத உடம்பில் அது ஏறக்குறைய இல்லாமலே போகவேண்டும். தைராக்சின் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது 0.2 நானோகிராமுக்குக் கீழே என்றால் நல்ல நிலை. கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் எங்கோ செல் இருக்கிறது. பாதி மட்டும் எடுத்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, மீதிப் பாதி சுரந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் கூடவே ஆன்டி தைரோகுளோபுலின் (தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்புரதம்) எடுக்கவேண்டும். அந்த எதிர்ப்புரதம் இருந்தால் கருவி தைரோகுளோபுலினைக் குறைத்துக் காட்டும், 0.1 என்று வந்தாலும் நம்பமுடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு அந்த எதிர்ப்புரதமே குறி ஆகிவிடும், அது வருஷா வருஷம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

ஒரு கருவியில் 0.3 வருவது இன்னொரு கருவியில் 0.6 வரலாம். எனவே தொடக்கத்தில் எந்த லேபோ, எந்தக் கருவியோ அதிலேயே தொடருங்கள். விலை குறைவு என்று வெட்டுவெந்நியில் ஒருமுறை, நாகர்கோவிலில் ஒருமுறை என்று மாற்றினால் ஏறியது நோயா கருவியா என்று யாராலும் சொல்லமுடியாது. மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் ஒரே நாளில் இரண்டு இடத்திலும் கொடுத்து இரண்டு காகிதத்தையும் ஃபைலில் ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். கருவியின் பெயர் காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இல்லையென்றால் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள், நாங்கள் எழுதித் தருவோம்.